வியன்னா: அப்பா அம்மாவுடன் போகிறேன், அரண்மனைகளைத் தாண்டி என்ன பார்க்கலாம்?

பீளமேட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு வியன்னா போகிறேன். தங்கை பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து வியன்னாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். அதனால் நாலைந்து நாள் அங்கேயே தங்கிப் பார்க்கலாம் என்று திட்டம்.

இணையத்தில் எங்கே தேடினாலும் ஒரே பட்டியல்தான் வருகிறது. ஷ்யோன்புருன் அரண்மனை, ஹோஃப்புர்க் அரண்மனை, பிராட்டர் ராட்டினம், சாக்கர் கேக். அதற்கெல்லாம் போகத்தான் போகிறோம். ஆனால் அப்பா குடிநீர் வடிகால் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய முதல் கேள்வி “இங்க தண்ணி எங்கிருந்து வருது?” என்பதுதான். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், வேறு தண்ணீரைச் சுலபத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார். அம்மா வீணை கற்றவர். மூட்டுவலி இருப்பதால் அதிகம் படி ஏற முடியாது. மூவரும் சைவம், முட்டை சாப்பிடுவோம்.

அந்த ஊர் எப்படி உருவானது, அங்கே இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போக ஆசை. அங்கே வசிப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பத்தாம்வட்டாரம்:

வணக்கம். வியன்னாவின் பத்தாவது வட்டாரமான ஃபாவோரிட்டனில், மாநகராட்சி கட்டிய குடியிருப்பு ஒன்றில் இருக்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்தவள். மகள் பிறந்ததும் படிப்பதும் இங்கேதான். உங்கள் அப்பா கேட்பது மிகச் சரியான கேள்வி. அதிலிருந்து தொடங்கினால் இந்த ஊர் சுலபமாகப் பிடிபடும்.

ஊருக்குள் டான்யூப் ஓடுகிறது, ஆனால் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர் இல்லை. ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர். 19-ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை மளமளவென்று ஏறியது. கிணறுகளில் கழிவுநீர் கலந்து காலராவும் டைஃபாய்டும் மாறி மாறி வந்தன. எடுவர்ட் சூஸ் என்ற நிலவியல் பேராசிரியர் அப்போது நகர மன்ற உறுப்பினர். தூரத்து மலை ஊற்றுகளை ஊருக்குக் கொண்டுவர முடியும் என்று வாதாடி மன்றத்தைச் சம்மதிக்க வைத்தார். ராக்ஸ், ஷ்னேபெர்க் மலைகளிலிருந்து சுமார் 90 கி.மீ. தூரத்துக்கு மூடிய கால்வாய் கட்டினார்கள். 1873 அக்டோபர் 24 அன்று தண்ணீர் ஊருக்குள் வந்தது. அதே ஆண்டு இங்கே உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே காலரா வந்து பலரைக் கொண்டுபோயிற்று. அதை நினைத்துப் பார்த்தால் இந்த வேலை எவ்வளவு அவசரமானது என்று புரியும். 1910-இல் ஹோக்ஷ்வாப் மலையிலிருந்து இரண்டாவது கால்வாய் வந்தது. அது 180 கி.மீ. நீளம், மலையில் புறப்படும் தண்ணீர் ஊர் வந்து சேர ஒன்றரை நாள் ஆகிறது. இரண்டு கால்வாயிலும் தண்ணீர் தானாகவே இறங்கி வருகிறது, பம்ப் வைத்து ஏற்றுவதில்லை. வரும் வழியில் அதிலிருந்து மின்சாரமும் எடுக்கிறார்கள். இந்த நீர்வளத்தை 2001-இல் நகரத்தின் அரசியல் சட்டத்திலேயே சேர்த்துப் பாதுகாத்தார்கள். தண்ணீரை விற்றுவிடக் கூடாது என்ற கவலை இங்கே சாதாரண ஜனங்களுக்கும் உண்டு.

அதனால் தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள். காலி பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவோரக் குடிநீர்க் குழாய்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆடி மாத வெயிலிலும் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் வரும்.

அப்பாவுடன் போக வேண்டிய இடம் ஷ்வார்ட்சென்பெர்க்பிளாட்ஸ். முதல் கால்வாய் வந்து சேர்ந்ததைக் கொண்டாடக் கட்டிய பெரிய நீரூற்று அங்கேதான் இருக்கிறது. தொட்டி விளிம்பில் சின்னச் சின்னப் பீச்சுகள், ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365. நீரூற்றுக்குப் பின்னால் வளைந்த தூண் வரிசையும் நடுவே உயரத்தில் ஒரு சிப்பாய் சிலையும் தெரியும். அது 1945-இல் வியன்னாவைப் பிடிக்க நடந்த சண்டையில் இறந்த சோவியத் வீரர்களுக்கான நினைவுச்சின்னம். போர் முடிந்ததும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் இந்த ஊரைப் பங்கு போட்டுக்கொண்டு பத்து ஆண்டு இருந்தன. 1955 மே 15 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆஸ்திரியா மறுபடி சுதந்திர நாடானது. கையெழுத்தான பெல்வெடேர் மாளிகை அங்கிருந்து பக்கம்தான்.

எங்கள் வட்டாரத்திலும் அப்பாவுக்கு ஒன்று இருக்கிறது. ஃபாவோரிட்டன் கொஞ்சம் மேட்டுப் பகுதி, மலைத் தண்ணீர் இவ்வளவு உயரத்துக்குத் தானாக ஏறாது. அதற்காக 1899-இல் 67 மீட்டர் உயரத்தில் செங்கல் கோபுரம் ஒன்று கட்டி, நீராவி எஞ்சின் வைத்துத் தண்ணீரை ஏற்றினார்கள். 1910-இல் இரண்டாவது கால்வாய் வந்ததும் அதற்கு வேலை குறைந்துவிட்டது. இடித்துப் போடாமல் அழகாகப் பராமரிக்கிறார்கள். உள்ளே எப்போதும் விட மாட்டார்கள், வெளியே நின்று பார்த்தாலே அப்பாவுக்குப் புரிந்துவிடும்.

சரி, ஊருக்கு வருகிறேன். நடுவில் ஸ்டெஃபான்ஸ்டோம் தேவாலயம், அதைச் சுற்றிப் பழைய ஊர். 1683-இல் துருக்கிப் படையைத் தடுத்து நிறுத்திய மதில் அந்தப் பழைய ஊரைச் சுற்றி இருந்தது. 1857-இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் அதை இடிக்கச் சொல்லி, அந்த இடத்தில் ரிங் என்ற அகலமான வட்டச் சாலையைப் போட வைத்தார். நாடாளுமன்றம், பல்கலைக்கழகம், ஓப்பரா, அருங்காட்சியகங்கள் எல்லாம் அந்தச் சாலையில்தான். முழு வட்டமும் சுற்றும் சாதாரண டிராம் கிடையாது. 1, 2 என்ற இரண்டு டிராமிலும் மாறி ஏறினால் உட்கார்ந்தபடியே சுற்றிவிடலாம். அம்மாவுக்கு இதுதான் சௌகரியம்.

வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. என்னைப் பொறுத்தவரை வியன்னாவின் பெரிய கதை இதற்கப்புறம்தான் தொடங்குகிறது. 1918-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தது. ஐந்து கோடிப் பேரை ஆண்ட தலைநகரம் ஒரே ஆண்டில் அறுபத்தைந்து லட்சம் பேர் கொண்ட சின்ன நாட்டின் தலைநகரமானது. ஊரில் இருபது லட்சம் பேர். தொழிலாளர் வீடுகள் பலவற்றில் ஒரே அறையும் ஒரு சமையலறையும்தான், தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொதுவில் வெளியே தாழ்வாரத்தில். ஒரு கட்டிலை வேலை நேரம் பார்த்து இரண்டு பேர் மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்தார்கள். காசநோய்க்கு வியன்னா நோய் என்றே பெயர் இருந்தது.

தேர்தலில் வென்று நகராட்சிக்கு வந்த சமூக ஜனநாயகக் கட்சியினர் 1923-இல் வீட்டுவசதி வரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெரிய மாளிகைக்குப் பெரிய வரி, சின்ன வீட்டுக்குச் சொற்ப வரி. ஹியூகோ பிரைட்னர் என்ற நிதிப் பொறுப்பாளர் அதை விடாப்பிடியாக வசூலித்தார். அந்தப் பணத்தில் 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டினார்கள். அவற்றில் பெயர்பெற்றது கார்ல் மார்க்ஸ் ஹோஃப். யு4 சுரங்க ரயிலின் கடைசி நிலையமான ஹைலிகென்ஷ்டாட்டில் இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே நிற்கும். கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1382 வீடுகள், கட்டியது 1927 முதல் 1930 வரை. மனையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டடம் இல்லை. மற்றதெல்லாம் மரமும் புல்வெளியும் முற்றமும். சலவைக்கூடம், குளியலறைக்கூடம், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டினார்கள்.

எதிரே உள்ள சதுக்கத்துக்குப் பெயர் 12 பிப்ரவரி. 1934-இல் அந்தத் தேதியில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. இந்தக் கட்டடத்துக்குள் இருந்து எதிர்த்து நின்ற தொழிலாளர்கள்மேல் அரசுப் படை பீரங்கியால் சுட்டது. சனநாயகமே அதோடு போய்விட்டது. நான்கு ஆண்டு கழித்து ஹிட்லர் வந்தபோது எதிர்க்க யாரும் மிச்சமில்லை.

நாங்கள் இருப்பது இவ்வளவு புகழ்பெற்ற கட்டடத்தில் இல்லை. முகப்பில் பெரிய எழுத்தில் வியன்னா மாநகராட்சி கட்டியது என்று ஆண்டோடு எழுதியிருக்கும், அவ்வளவுதான். முற்றத்தில் ஒரு பெரிய குதிரைச்செஸ்ட்நட் மரம். அதன் பக்கத்தில் தோள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி நட்டிருக்கிறது. கம்பளத்தை அதன்மேல் போட்டு அடித்துத் தூசி தட்டுவதற்காக. இப்போது அதில் குழந்தைகள் தலைகீழாகத் தொங்குகிறார்கள். சலவை அறை கீழ்த்தளத்தில். எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில்தான் கதவு திறக்கும். பக்கத்து வீட்டில் செர்பியக் குடும்பம், மேல் வீட்டில் இங்கேயே பிறந்து வளர்ந்த எண்பது வயதுப் பாட்டி. வீட்டு உரிமையாளர் திடீரென்று காலி செய்யச் சொல்வார் என்ற பயம் எங்கள் வீட்டில் கிடையாது. என் அப்பா அம்மா சென்னையில் வீடு மாறி மாறிக் களைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்த நிம்மதிக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். மாநகராட்சிக்கு இன்று ஏறக்குறைய 2 லட்சத்து 20 ஆயிரம் வீடுகள் சொந்தம். கூட்டுறவு அமைப்புகளின் வீடுகளையும் சேர்த்தால் ஊரில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1938-இல் இந்த ஊரில் ஏறக்குறைய இரண்டு லட்சம் யூதர்கள் இருந்தார்கள். டாக்டர்கள், இசைக்கலைஞர்கள், கடைக்காரர்கள், தையல்காரர்கள். துரத்தப்பட்டவர்கள் போக, ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டார்கள். யூடென்பிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் ரேச்சல் ஒயிட்ரீட் என்ற சிற்பி அமைத்த நினைவிடம் இருக்கிறது. கான்கிரீட்டில் ஒரு நூலக அறை. ஆனால் புத்தகங்களின் முதுகு உள்பக்கம் திரும்பியிருக்கும், ஏட்டு விளிம்புதான் நமக்குத் தெரியும். கதவுக்குக் கைப்பிடி கிடையாது. இறந்தவர்களின் பெயரோடு பார்க்க வேண்டுமானால் ஒன்பதாவது வட்டாரத்தில் 2021-இல் எழுப்பிய பெயர்ச் சுவர்களுக்குப் போங்கள். 64,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அகர வரிசையில் ஒரே குடும்பப் பெயர் வரிசையாக நீண்டுகொண்டே போவதைப் பார்க்கும்போது தாங்க முடியாது. ஆனாலும் பார்க்க வேண்டும்.

தம்புரா:

வியன்னாவில் படித்தவன். இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். பத்தாம்வட்டாரம் எழுதியதை ரசித்துப் படித்தேன், ஆனால் ரிங் சாலையை டிராமில் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்பதுபோலச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே இருக்கும் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். பீட்டர் புருகல் ஓவியங்கள் இவ்வளவு சேர்ந்தாற்போல் உலகில் வேறெங்கும் இல்லை. 1565-இல் வரைந்த ‘பனியில் வேடர்கள்’ முன்னால் உட்கார இருக்கை உண்டு. களைத்த நாய்களும் கீழே உறைந்த குளத்தில் விளையாடும் சின்னச் சின்ன மனிதர்களும்: பார்க்கப் பார்க்கப் புதிதாக ஏதாவது கண்ணில் படும்.

வீணை கற்ற அம்மாவுக்கு நான் சொல்லும் இடம் ஹெல்டென்பிளாட்ஸ் சதுக்கத்தில் உள்ள நொயெ புர்க் மாளிகை. பழைய இசைக்கருவிகளின் சேகரிப்பு அங்கே இருக்கிறது. லூட், வயோல் என்ற பல நூறு ஆண்டு பழைய தந்தி வாத்தியங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மெட்டுக்கட்டைகளைக் குடலால் முறுக்கிக் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருப்பதை அவர் நிச்சயம் கவனிப்பார். நம் வீணையில் மெழுகில் பதித்த மெட்டுகளோடு ஒப்பிட்டுப் பேச அவருக்கு நிறைய இருக்கும். அதே கட்டடத்தின் மாடத்தில் நின்றுதான் 1938 மார்ச் 15 அன்று ஹிட்லர், சதுக்கம் நிறையக் கூடி ஆரவாரம் செய்த கூட்டத்தின் முன்னால் பேசினார். வெளியே வந்து நிமிர்ந்து பாருங்கள்.

ஓப்பராவில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு. மூட்டுவலிக்காரருக்கு அது ஆகாது. ஆனால் செப்டம்பரில் கட்டடத்தின் பக்கவாட்டில் பெரிய திரை வைத்து உள்ளே நடப்பதை நேரடியாகக் காட்டுவார்கள். நாற்காலி போட்டிருப்பார்கள், காசு கிடையாது. எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், 71-ஆம் எண் டிராமில் மத்திய மயானத்தின் இரண்டாம் வாசலுக்குப் போனால் பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், யோஹான் ஷ்ட்ராவ்ஸ் கல்லறைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நடுவில் மொட்சார்ட்டுக்கும் ஒரு நினைவுத்தூண் உண்டு, அவரைப் புதைத்தது ஸாங்க்ட் மார்க்ஸ் மயானத்தில். வாசலிலிருந்து கொஞ்ச தூரம்தான், சமதளம், அம்மா நடந்துவிடுவார்.

கறிவேப்பிலை:

சாப்பாடு பற்றி மட்டும் சொல்கிறேன். ஃபிரிட்டாட்டன் சூப் என்று எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள். தோசையைச் சுருட்டி நறுக்கிப் போட்டதுபோல இருக்கும், ஆனால் அது மிதக்கும் தண்ணி மாட்டிறைச்சியை வேகவைத்த சாறு. சூப் எதுவானாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டை உண்டு என்றால் கைஸர்ஷ்மார்ன் சாப்பிடலாம். பஞ்சு மாதிரி சுட்டுப் பிய்த்துப் போட்டு, பிளம்ஸ் கூழோடு தருவார்கள், ஒரு தட்டு இருவருக்குத் தாராளம். பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே (நூடுல்ஸ் மாதிரி மாவுத் துண்டுகள்), தயிர்ப்பாலாடையை மெல்லிய மாவில் சுருட்டிச் சுட்ட ஷ்ட்ரூடல் இரண்டும் நம் நாக்குக்கு ஒத்துவரும். ஷ்பெட்ஸ்லேயில் பன்றிக்கறி போடாமல் தரச் சொல்லுங்கள். காபிக் கடையில் மெலாஞ்ச் என்ற பால் காபி கேட்டால் சின்ன வெள்ளித் தட்டில் காபியும் கூடவே ஒரு கிளாஸ் தண்ணீரும் வரும். ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பலசரக்குக் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும், கூட்டம் முட்டும். சனிக்கிழமையே பால், பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பீளமேட்டுக்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். பம்ப் இல்லாமல் 180 கி.மீ. என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பத்தாம்வட்டாரம் அக்காவிடம் இரண்டு கேள்வி. ஜனங்கள் குடியிருக்கும் இடத்துக்குள் நாங்கள் போய் நின்று பார்ப்பது சரியாக இருக்குமா? இரண்டாவது, அப்பா கேட்பது: 2024 செப்டம்பரில் அங்கே பெரிய வெள்ளம் வந்ததே, டான்யூப் ஊருக்குள் நுழைந்துவிட்டதா?

பத்தாம்வட்டாரம்:

முற்றங்கள் எல்லோரும் நடந்து போகிற வழிதான், தாராளமாகப் போகலாம். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள், அது போதும். கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் பழைய சலவைக்கூடம் ஒன்றில் அந்தக் காலத்து வரலாற்றைச் சொல்லும் சிறு கண்காட்சி இருக்கிறது. வாரத்தில் சில நாள்தான் திறப்பார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெள்ளம் பற்றி அப்பாவிடம் விவரமாகவே சொல்லுங்கள். டான்யூப் அந்த முறை ஊருக்குள் வரவில்லை. அதற்குக் காரணம் 1972 முதல் 1988 வரை செய்த வேலை. ஆற்றுக்குப் பக்கத்திலேயே 21 கி.மீ. நீளத்துக்கு இன்னொரு கால்வாய் வெட்டினார்கள், புது டான்யூப் என்று பெயர். சாதாரண நாளில் அதன் தலைப்பு மதகு மூடியிருக்கும், தண்ணீர் ஏரிபோல நிற்கும், ஜனங்கள் நீந்துவார்கள். வெள்ளம் வந்தால் மதகைத் திறந்து ஒரு பகுதித் தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். வெட்டிய மண்ணைக் கொட்டிய இடம்தான் டான்யூப் தீவு. இன்று ஊரின் பெரிய பொழுதுபோக்கு இடம் அது, நுழைவுக் கட்டணம் கிடையாது. விநாடிக்கு 14,000 கனமீட்டர் வெள்ளம் வந்தாலும் தாங்கும் கணக்கில் கட்டியது. யு1 ரயிலில் டோனாவ்இன்ஸல் நிலையத்தில் இறங்கினால் ஆறும் கால்வாயும் இரண்டு பக்கமும் தெரியும்.

அந்த முறை சங்கடம் கொடுத்தது சின்ன ஆறு. மேற்கேயிருந்து வரும் வீன் ஆறு. சாதாரணமாகக் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடும். 1890-களில் அதன் இரு கரையையும் கல்லும் கான்கிரீட்டும் வைத்துக் கட்டி, பக்கத்திலேயே ஓட்டோ வாக்னர் வடிவமைத்த நகர ரயிலையும் போட்டார்கள். இன்றைய யு4 பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் ஓடுகிறது. மழை கொட்டியதும் ஆறு தண்டவாளத்தை எட்டுகிற அளவுக்கு ஏறிவிட்டது. யு4 ரயிலைப் பல இடங்களில் நிறுத்தினார்கள். மேலே அவ்ஹோஃப் என்ற இடத்தில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குளங்கள் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்.

ஆற்றைப் பார்க்க ஸ்டாட்பார்க் போங்கள். நாஷ்மார்க்ட் சந்தைக்கு அடியிலெல்லாம் மூடிய கால்வாயாக ஓடி வரும் ஆறு, அந்தப் பூங்காவில்தான் கல் வளைவுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. இரண்டு பக்கமும் படிக்கட்டும் மண்டபமும் வைத்து வாசல்போலக் கட்டியிருப்பார்கள். அப்பா கீழே இறங்கிக் கரைச்சுவர் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொள்ளட்டும், அம்மா மேலே பூங்காவில் யோஹான் ஷ்ட்ராவ்ஸ் சிலைக்கு எதிரே உட்காரலாம். ஸ்டெஃபான்ஸ்டோம் தேவாலயக் கோபுரம் ஏற நினைத்தால் வடக்குக் கோபுரத்துக்குப் போங்கள், அதற்கு லிப்ட் உண்டு, பும்மெரின் என்ற பெரிய மணியும் அங்கேதான். தெற்குக் கோபுரத்துக்கு 343 படி.

சுரங்க ரயில் நிலையத்தில் நுழைவுக் கதவு, தடுப்பு எதுவும் இருக்காது. டிக்கெட்டை நுழைவிடத்தில் உள்ள நீலப் பெட்டியில் செருகி நேரம் அச்சடித்துக்கொண்டு ஏறுங்கள். பரிசோதகர் வந்தால் அச்சில்லாத டிக்கெட்டுக்கும் அபராதம்தான். அறை எடுக்கும்போது முகவரியின் பின்கோடைப் பாருங்கள். நடுவில் வரும் இரண்டு எண்கள்தான் வட்டாரம். 1100 என்றால் பத்தாவது, எங்கள் பக்கம். இங்கே அறை வாடகை நடு ஊரைவிடக் குறைவு, யு1 ரயிலில் ஸ்டெஃபான்ஸ்டோமுக்குச் சில நிமிடம்தான். விக்டர் ஆட்லர் சந்தையில் காய்கறியும் பழமும் மலிவாகக் கிடைக்கும்.